விண்கப்பல் டிரைவருக்கு விட்ட எள்ளும் தண்ணீரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்தேன். யோசித்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. பயந்தேன் என்பதே சரி. முதல் பயம் ராமநாதசுவாமிக்கு. அவருடைய அக்கினி தீர்த்தக் கரையில், விரலில் தர்ப்பை மோதிரம் போட்டுக்கொண்டு பொய் சொன்னவன் நான். இரண்டாவது பயம் என் சித்தப்பாவுக்கு. உள்ளதைச் சொன்னால் சித்தப்பா பயம்தான் அதிகம். சாமி மன்னித்துவிடுவார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சித்தப்பா யாரையும் மன்னித்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

போன வருஷம் சித்தப்பா காலமாகிவிட்டார். அவருக்குப் பிள்ளை இல்லாததால் இந்த ஆடி அமாவாசைக்கு நானே அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். பெயரைச் சரியாகச் சொல்லித்தான் விட்டேன். ஆகவே இப்போது எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். குண்டு மிளகாய் போடுகிறேன். மழை பெய்தால் நெல்லும் உண்டு. காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் காப்பி குடிக்கமாட்டேன். கதை கட்டத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யார் பெயரையும் எழுதவில்லை, சாமி பெயரைத் தவிர.

முதலில் என் அக்கா. அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மச்சான், அதாவது அக்கா புருஷன், கீழக்கரையில் தெரிந்தவர் ஒருவர் எடுத்துக் கொடுத்த விசாவில் வளைகுடாவுக்குப் போனார். பாலைவனத்துக்குள் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் பண்ணுவார். ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. லாரி வழியில் நிற்கிறது, ஆளைக் காணோம் என்று அங்கிருந்து தகவல் வந்தது. கீழக்கரைக்காரர் தானே கிளம்பிப் போய் இரண்டு மாதம் தேடிவிட்டு வந்து, அக்கா முன்னால் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். மச்சான் இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

நான் சொல்லப்போகிற சங்கதி நடந்தபோது அதற்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அக்கா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை எடுக்கவில்லை. மச்சானுக்குத் தெரிந்த நம்பர் அந்தப் பழைய பட்டன் போனில்தான் இருந்தது என்பதால், அதையும் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே அதைச் சார்ஜில் போட்டுவிடுவாள்.

சித்தப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் முடித்து வைக்க வேண்டும் என்கிற ஆள், அவ்வளவுதான். சாப்பாட்டில்கூட ரசம் முடியுமுன் மோரை எடுத்து வைத்துக்கொள்வார். அக்கா மகளுக்கு வருகிற வரனெல்லாம் தட்டிப்போக, ஜோசியர் சோழியை உருட்டிவிட்டுப் பித்ரு தோஷம் என்றார். தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் மகளுக்குக் கல்யாணம் எப்படி நடக்கும் என்று சித்தப்பா பிடித்துக்கொண்டார். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் மச்சானுக்குத் தர்ப்பணம். மச்சானுக்கு ஆண்பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. விடவேண்டியவன் நான்.

அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏலே தம்பி, இருக்கிற மனுசனுக்கு எள்ளும் தண்ணியும் விட்டா, விட்ட நிமிசமே அங்கன அவரு உசுரு போயிரும். நீ விட்டயின்னா, நீதான் கொன்னவன். அம்புட்டுத்தான்."

இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் சித்தப்பா. இதற்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக்குள் விண்கப்பல் வந்து இறங்கியது.

கொண்டுவந்தவள் அக்கா மகள். பரமக்குடியில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண். அவள் போனில் இருந்து எங்கள் டிவிக்கு என்னமோ ஒன்றை இணைத்தாள். ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

"மாமா, பத்து வாரம் வரும். வாரத்துக்கு ஒண்ணு. தமிழ்லயே பேசுறாங்க. உலகம் பூரா இதத்தான் பாக்குது."

"சாமிப் படமா?"

"விண்வெளி மாமா. மேலோகத்துல நடக்குற கதை."

"அப்ப சாமிப் படந்தான்," என்றாள் என் வீட்டுக்காரி. அடுப்பை அணைத்துவிட்டு வந்து முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, தேவாரம் ஒன்று சொன்ன பிறகுதான் டிவி. முதல் வாரம் அந்தப் புகை கலைவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. புகைக்குள்ளிருந்து அது எழும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்கு உற்சவர் புறப்பாடு மாதிரியே இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அக்கா மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கதை இதுதான். பூமியில் தண்ணீர் வற்றிவிட்டது. மிச்சமிருக்கிற ஜனங்கள் ஒரு பெரிய கப்பலில் ஏறி, தண்ணீர் உள்ள கிரகம் தேடிப் போகிறார்கள். இதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை. வெடித்துக் கிடந்த மண்ணைக் காட்டியதும் வீட்டுக்காரி, "இது நம்ம கண்மாயில வந்து எடுத்ததா?" என்று கேட்டாள்.

முதல் இரண்டு வாரம் அற்புதம். ஒரே ஒரு குறை. அத்தனை பெரிய வண்டி, அத்தனை தூரம் போகிறது. ஒரு எலுமிச்சம்பழம் வைக்கவில்லை, ஒரு பூசணிக்காய் உடைக்கவில்லை. சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று அக்கா மகள் கேட்டாள். அக்கா, "வைக்க மனசிருந்தா இடம் தெரியும். இது வெளங்காது," என்றாள். மூன்றாம் வாரம் ஆரம்பத்திலேயே கப்பலில் தீப்பிடித்தது. அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். 

அந்தக் கப்பலை ஓட்டுகிறவர் ஒரு வயசாளி. நரைத்த மீசை, அதிகம் பேசமாட்டார். டப்பிங்காரர்கள் அவருக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயராக வைத்திருந்தார்கள். பெயர் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டதால் அதையும் விட்டுவிடுகிறேன். நாங்கள் அவரை டிரைவர் என்றே சொன்னோம். கப்பலைக் கிளப்பும்முன் கைப்பிடி மேல் இரண்டு தட்டு தட்டுவார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி.

"லாரிக்காரவுக அம்புட்டுப் பேரும் அப்படித்தான் தட்டுவாக," என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு மடியில் இருந்த போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். 

மூன்றாம் வாரம் தீயை அணைத்துவிட்டு, தீ யாரால் பிடித்தது என்று ஒரு மணி நேரம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில்கூட இடையில் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்திருப்பான். இவர்கள் எழுந்திருக்கவே இல்லை. மேலும், அந்தக் கப்பலில் யாரும் சாப்பிட்டு நாங்கள் பார்க்கவில்லை. மூன்று வாரமாக ஒரு ஆள் ஒரு வாய் சாப்பிடவில்லை. வீட்டுக்காரிக்கு அதுதான் பெரிய கவலை. "சோறில்லாம எப்பிடிச் சண்டை போடுதுக?" என்றாள்.

நாலாம் வாரத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு பனிப்பாறையை இழுத்து வந்து உருக்குகிறார்கள். முதல் சொட்டு ஒரு தட்டில் விழுகிற சத்தம் கேட்கிறது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. சொட்டு, சொட்டு, பிறகு ஒரு சரம்.  நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்மாய் நிறைந்து மடை திறக்கிற அன்றைக்கு நாங்கள் தேங்காய் உடைப்போம். அந்தக் கை தானாக எழுந்தது. படம் எடுத்தவன் யாரோ, எந்த ஊரோ. அவனுக்குத் தண்ணீர் தெரியும்.

அதே ஆள்தான் ஐந்தாம் வாரத்தையும் எடுத்தான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஐந்தாம் வாரம் முழுவதும் இரண்டு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, சின்ன வயசில் நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துச் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். அவருக்கு இடது காது மந்தம். டிவியை வலது காதால் பார்ப்பார்.

"எவன் இவன்?"

"கப்பல்ல வேலை பாக்குறவன் சித்தப்பா."

"கப்பல் எங்க?"

"லிஃப்டு கப்பலுக்குள்ள இருக்கு."

"அப்ப கப்பலக் காட்டச் சொல்லு." பத்து நிமிஷம் பொறுத்தார். "ஏலே, கதவைத் தட்டச் சொல்லுங்கடா. வெளிய ஆள் இருக்கும்ல." பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வார அமாவாசைக்குக் காலையில நாலு மணி பஸ்ஸு. எள்ளு நான் வாங்கி வச்சிருக்கேன்."

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அந்த லிஃப்டை யாரும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க முடியாது.

ஆறாம் வாரம் கப்பல் ஒரு உப்புக் கிரகத்தில் இறங்கியது. கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை, நம் பக்கத்து உப்பளம் மாதிரி, அள்ளத்தான் ஆள் இல்லை. கிளம்பும்போது கப்பலின் கால் ஒன்று உப்பில் மாட்டிக்கொண்டது. டிரைவர் தான் போவதாகச் சொல்லி இறங்கினார். காலை விடுவித்தார். அதற்குள் புயல். கப்பல் கிளம்பாவிட்டால் எல்லோரும் போவார்கள். கிளம்பிவிட்டது. ரேடியோவில் அவர் குரல் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. "நான் நல்லா இருக்கேன், நீங்க போங்க" என்றது. பிறகு இரைச்சல்.

கப்பலில் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். ஒரு நிமிஷம்தான். பிறகு அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

"உடம்பப் பாத்தாகளா?" என்றாள் அக்கா.

அக்கா மகள் டிவி சத்தத்தைக் குறைத்தாள்; அக்கா விடவில்லை.

"உடம்பப் பாக்காம எப்படி எழுதுனாக?"

நான் முகம் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அழுதேன் என்பதை மறைக்கவில்லை. அந்த மனுஷனுக்குக் கதையில் பெண்டாட்டி பிள்ளை யாரும் கிடையாது. எள்ளும் தண்ணீரும் விடக்கூட ஆள் இல்லாமல் உப்பில் போய்க் கிடக்கிறானே என்று அப்போதே மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடியது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் ஆடி அமாவாசை.

மகளை நினைத்து இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வரலாம் என்று சொல்லி அக்காவையும் சித்தப்பா கூட்டி வந்திருந்தார். அக்கினி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. அக்கா தூரத்தில் மணலில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். எங்களை இருபது பேராக வரிசையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு துண்டு வாழை இலை, எள், பச்சரிசி, தர்ப்பை. அய்யர் மைக் இல்லாமலே இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நாங்கள் அவரவர் வாய்க்குள் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். என் அய்யாவுக்கு விட்டேன், தாத்தாவுக்கு விட்டேன், பூட்டனுக்கு விட்டேன். எல்லாம் தெளிவாகத்தான் வந்தது.

"வேற யாருக்காவது விடறதுன்னா கோத்ரம், பேரு சொல்லி விட்டுக்கலாம். கோத்ரம் தெரியலைன்னா சிவகோத்ரம்."

சித்தப்பா முழங்கையால் இடித்தார். "சொல்றா."

கையில் எள்ளும் தண்ணீரும். மச்சான் பெயர் நாக்கு வரை வந்துவிட்டது. அதே நேரம் கூட்டத்தில் ஒரு இடைவெளி விட்டது, அதன் வழியாக அக்காவின் முதுகு தெரிந்தது. பட்டன் போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருவரைக் கொல்வதற்கு வேண்டியதெல்லாம் என் கையில்தான் இருக்கிறது என்று தோன்றியது. அதுவும் அரை உள்ளங்கைத் தண்ணீர்.

"சீக்கிரம். அடுத்த வரிசை நிக்கிறது," என்றார் அய்யர்.

வாயைத் திறந்தேன். டிரைவர் பெயர் வந்தது.

சிவகோத்திரம் என்று அவன் பெயரைச் சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் மீதி இரண்டு தடவை தானாகவே வந்தது. கட்டைவிரல் வழியாக எள்ளும் தண்ணீரும் இறங்கியது. எந்தக் கிரகத்தில் பிறந்தானோ, எவன் கற்பனையில் பிறந்தானோ, ராமேஸ்வரத்தில் அவனுக்குச் சிவகோத்திரம் கிடைத்துவிட்டது. நான் சித்தப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன், அந்த மந்தக் காதுப் பக்கம். அது என் திட்டமில்லை. அதை ராமநாதசுவாமி பார்த்துக்கொண்டார் என்றே இன்றுவரை நம்புகிறேன்.

பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளிக்கு ஒரு மன்னிப்பு கேட்டேன். கூட்டத்தில் பாதி வாளி பக்கத்து ஆள் தலையில் விழுந்தது. என் பாவத்தில் பாதிக்கு வடக்கத்தி யாத்திரைக்காரர் ஒருவர் மன்னிப்பு வாங்கிப் போயிருக்கக்கூடும்.

ஈரத்துணியோடு வெளியே வந்ததும் சித்தப்பா அக்காவிடம் போய்ச் சொன்னார்: "விட்டாச்சு. இனி அவன் நிம்மதியாப் போவான். நீயும் அதுக்குத் தக்கன நடந்துக்க."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். நக இடுக்கில் ஒரு எள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு நேராகப் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.

அன்றிலிருந்து அக்கா என்னிடம் பேசவில்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அக்காவை உங்களுக்குத் தெரியாது. சொன்னேனென்றால் அடுத்த நிமிஷம் சித்தப்பா வாசலில் போய் நின்று, "என்ன சித்தப்பா, எம்புருசனுக்கா விட்டீக?" என்று ஊரே கூடும்படி சிரித்திருப்பாள். சித்தப்பா தை அமாவாசைக்கு என்னை வலது காதுப் பக்கம் உட்கார வைத்திருப்பார். மச்சான் உயிர் என் வாயில் இருக்கிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

சித்தப்பா பொட்டு விஷயத்தையும் எடுத்தார். அக்கா மகள் அவரிடம், "தாத்தா, அம்மா பொட்ட எடுத்தா நான் எவனுக்கும் கழுத்த நீட்டமாட்டேன்," என்றாள். கல்யாணம்தானே அவருக்கு முடியவேண்டிய காரியம். அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. நிலைப்படியில் எனக்கு முதுகைக் காட்டி, தலையை மட்டும் டிவி பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். கழுத்து வலிக்கும் என்று எனக்கே தெரிந்தது. பேச்செல்லாம் என் வீட்டுக்காரி மூலம்.

"சத்தத்தக் கூட்டச் சொல்லு அவுகள."

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பி, "மதினி சத்தத்தக் கூட்டச் சொல்றாக," என்பாள். நான் மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கதையும் அதற்கேற்ற மாதிரி சீரழிந்தது. ஏழாம் வாரம் ஒரு எந்திரம், சுத்தம் செய்கிற இன்னொரு எந்திரத்தைக் காதலித்தது. வானத்தில் ஜனங்கள் சாகக் கிடக்கிறார்கள், இவை இரண்டும் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தன. எட்டாம் வாரம் காலம் பின்னோக்கி ஓடியது. அதைச் சாக்கு வைத்து, ஏற்கெனவே பார்த்ததையெல்லாம் மறுபடி காட்டினார்கள். லிஃப்டைக்கூடக் காட்டினார்கள். டிரைவர் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. புது டிரைவர் வந்துவிட்டான், இளவட்டம், கைப்பிடியைத் தட்டத் தெரியாதவன்.

"ஆளு போயி ரெண்டு வாரந்தான் ஆச்சு. சீட்டுல ஆளப் போட்டாச்சு," என்றாள் அக்கா, வாசலைப் பார்த்து. அது யாருக்குச் சொன்னது என்று கேட்க வீட்டுக்காரிக்கும் தைரியமில்லை.

ஒன்பதாம் வாரம் முழுக்கச் சண்டை. எவன் எவனைச் சுடுகிறான் என்று அக்கா மகளுக்கே தெரியவில்லை. கடைசி அரை நிமிஷம் சண்டையெல்லாம் நின்று அந்த உப்பு வெளியைக் காட்டினார்கள். உப்பின் மேல் காலடித் தடம். ஒன்று, இரண்டு, தூரத்துக்குப் போகிறது. படம் முடிந்துவிட்டது.

நிலைப்படியில் அக்கா இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் வாரம் எங்கள் வீட்டில் தேவாரத்தை நான் கொஞ்சம் வேகமாகத்தான் சொன்னேன். சாமிக்குத் தெரியும். அக்கா சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, அவள் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர்க் கிரகம் கண்ணுக்குத் தெரிகிறது, கப்பலில் எண்ணெய் போதாது, வந்த வழியே திரும்பி உப்புக் கிரகத்தில் இறங்குகிறார்கள். கதவு திறக்கிறது. வெள்ளை வெளியில் ஒரு புள்ளி. புள்ளி நடந்து வருகிறது. மீசை முழுக்க உப்பு. கிழிந்த துணியில் பனியைப் பிடித்துப் பிழிந்து குடித்தே உயிரோடு இருந்திருக்கிறார். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. நேராக உள்ளே போய், அந்த இளவட்டத்தை எழுப்பிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து, கைப்பிடியை இரண்டு தட்டு தட்டினார்.

"அடப்பாவி, உனக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டேனேய்யா," என்றேன்.

வாய்க்குள் சொன்னதாக நினைத்தேன். வீடு முழுக்கக் கேட்டிருக்கிறது.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். இருபத்துநாலு நாள் கழித்து என்னிடம் பேசினாள்.

"ஏலே. யாருக்கு விட்ட?"

"டிரைவருக்கு."

"எந்த டிரைவருக்கு?"

டிவியைக் கைகாட்டினேன். அதில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு? அக்கினி தீர்த்தத்துல?"

"ஆமா."

"அவருக்கு?" அக்கா மச்சான் பெயரைச் சொல்வதில்லை.

"விடல. வாயில வரல."

வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்கா மகள் டிவியை நிறுத்திவிட்டாள். 

"கோத்திரம் என்னன்னு சொன்ன?" என்று கேட்டாள் அக்கா.

"சிவகோத்திரம்."

அக்காவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். சிரிப்பு. முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையானது, எந்த இடத்தில் மறுபடி சிரிப்பானது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

"எள்ளுத் தண்ணி விட்டும் மனுசன் திரும்பி வந்துட்டாருல்ல, பாரு," என்றாள்.

எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. டிரைவர் கற்பனை. அந்த வேஷம் கட்டியவர் கற்பனை இல்லையே. எங்கேயோ வெளிநாட்டில் ஒரு வயசாளி தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கிருந்து சிவகோத்திரத்தில் ஏற்றி அவரை அனுப்பி வைத்திருக்கிறேன். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனை என்பது உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. ஆயுள் வேண்டி ஒரு அர்ச்சனை செய்துவிட்டால், விட்டதற்கும் இதற்கும் சரியாகப் போகும் என்பது எங்கள் கணக்கு. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

நான் டிரைவர் பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

விழித்தேன். அக்கா எனக்குப் பின்னால் நின்று, "அவரு எந்த நட்சத்திரத்துல இருக்காருன்னு வாரத்துக்கு வாரம் மாறுது சாமி. நீங்க பொதுவாச் செஞ்சிருங்க," என்றாள். குருக்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பூவைக் கையில் எடுத்தார்.

"இன்னொண்ணு இருக்கு சாமி," என்றாள் அக்கா.

கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் வாயால் மச்சான் பெயரைக் கேட்டேன். நட்சத்திரத்தையும் ராசியையும் கடகடவென்று சொன்னாள். குருக்கள் ஆறு வருஷமாக எல்லாம் தெரிந்தவர். ஒரு விநாடி தயங்கினார். பிறகு அந்தப் பெயரை எடுத்து, ஆயுள், ஆரோக்கியம் என்று சத்தமாகவே சொன்னார். அக்கா கண்ணை மூடாமல், அவர் ஒரு எழுத்தையும் விழுங்கிவிடாமல் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

தை மாதம் அக்கா மகளுக்குப் பரமக்குடியிலேயே மாப்பிள்ளை அமைந்தது. பந்தலில் சித்தப்பா என் தோளைத் தட்டி, "பாத்தியா, அன்னைக்கு விட்டோம், இன்னைக்குத் தகைஞ்சிருச்சு," என்றார். "ஆமா சித்தப்பா," என்றேன். அதில் பொய் இல்லை. விட்டது யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அக்கா நெற்றி நிறையக் குங்குமத்தோடு எதிரில் நின்று, என்னைப் பார்த்துக் காற்றில் இரண்டு தட்டு தட்டினாள். நான் சிரிப்பை அடக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் இரண்டாவது சீசன் வந்தது. நாங்கள் மூன்று வாரம் பார்த்தோம், ரொம்ப மோசம். எலுமிச்சம்பழம் இந்தத் தடவையும் வைக்கவில்லை. அக்கா ஒரு வாரமும் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வந்து சேந்துட்டாருல்ல. போதும். மேக்கொண்டு பாத்தமுன்னா மறுபடி எங்கிட்டாச்சும் எறக்கி விட்டுருவாக."

அவ்வளவுதான் நடந்தது. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வீர்கள் என்று தெரியும். சொல்லுங்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு சங்கதி டீக்கடையில் கிளம்பி ரேஷன் கடை போய்ச் சேர்வதற்குள் அதற்கு மூக்கு முளைத்துவிடும். ஆகவே ஒரு வேண்டுகோள். லிஃப்ட் வாரம் சலிப்பாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். நாங்களும் சலித்துக்கொண்டுதான் பார்த்தோம். சித்தப்பாவை வில்லன் ஆக்கவேண்டாம். முக்கியமாக, முடிவில் மச்சான் திரும்பி வந்தார் என்று சேர்த்துவிட வேண்டாம். கேட்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வரவில்லை. செத்துப்போனார் என்றும் சேர்க்க வேண்டாம். அதற்கும் யாரும் சாட்சி இல்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா போனைச் சார்ஜில் போட்டுவிட்டாள். அந்தப் போன் சார்ஜ் ஏறும்போது டிங் என்று ஒரு சத்தம் வரும், இப்போது கேட்டது. அதையும் அப்படியே சொல்லுங்கள்.